கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு பத்தியம்

எங்கள் பக்கத்து மருந்தாளுநர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. என்னை ஏன் அதில் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. மாத்திரை விஷயத்தில் இப்போது நான் விழுங்குகிற கட்சி. போன மாதம் அதில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், ஒரு சந்தேகம் போட்டாள். ஒரே குழந்தையின் மருந்துச் சீட்டில் ஆட்டிசம் என்றும் எழுதியிருக்கிறது, ஏடிஎச்டி என்றும் எழுதியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து வருமா என்று. ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். கடைசியில் ஒருவன், "பிச்சையா சாரைக் கேளுங்க, அவர் காலத்துல இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு" என்று என்னைக் கோத்துவிட்டான்.

கண்டுபிடித்தோம் தம்பி. அதற்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பாடாய்ப் படுத்தினோம். அதில் பெரும்பங்கு என்னுடையது. முழுக்க எழுதித் தருகிறேன். படித்துவிட்டு என்னைக் குழுவில் வைத்திருப்பதா, நீக்குவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் கம்பவுண்டர். அந்தச் சொல் இப்போது யாருக்கும் பிடிப்பதில்லை, எனக்குப் பிடிக்கும். ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் நான்கு வருஷம் பாட்டில் கழுவினேன். மதுரையில் பரீட்சை எழுதி இரண்டாவது தடவை பாஸானேன். சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. எழுபதுகளின் கடைசி. என் படிப்பைப் பற்றி இவ்வளவு போதும், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ராஜபாளையத்தில் நான் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். லாரி டிரைவர்கள் தூங்காமல் ஓட்டுவதற்காக ஒரு மாத்திரை கேட்டு வருவார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் யாராவது தேடிப் போவார்கள். ஒரு டிரைவர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் பஞ்சு மூட்டை முழுவதையும் தனியாளாக இறக்கினார். அப்புறம் லாரியை மூன்று தடவை கழுவினார். அப்புறம் எங்கள் கடை வாசலில் நின்ற மைல்கல்லிடம், அதில் எழுதியிருக்கும் தூரம் தப்பு என்று மத்தியானம் வரை வாதாடினார். அன்றிலிருந்து அந்த மாத்திரை என்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம்.

இனி டாக்டரம்மா. பாளையங்கோட்டைக்காரர். மெட்ராஸில் குழந்தை வைத்தியம் படித்தவர். கணவருக்கு இங்கே பேங்கில் வேலை என்பதால் இந்த ஊருக்கு வந்தார். ஆள் நல்ல உயரம். குரல் மட்டும் உயராது. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் 'பிச்சையா', கோபம் வந்தால் 'மிஸ்டர் பிச்சையா'. அதற்கு மேல் போனால் பேச்சே இல்லை, போய்க் கையைக் கழுவுவார். அவர் இரண்டு தடவை கை கழுவினால் நான் சொல்லாமலே தரையைப் பெருக்க ஆரம்பித்துவிடுவேன்.

காய்ச்சல், சளி என்று வருகிற பிள்ளைகளை ஐந்து நிமிஷத்தில் பார்த்து அனுப்பிவிடுவார். 'புள்ள சொன்னபடி கேக்க மாட்டேங்கான்', 'ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கான்', 'பேச்சு வரலை' என்று கூட்டிவந்தால் மட்டும் கதையே வேறு. நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் ஒரு தகர டப்பா. அதில் பம்பரம், முகம் பார்க்கும் கண்ணாடி, சாவிக்கொத்து, நூல்கண்டு. முதல் பத்து நிமிஷம் பிள்ளையோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். கூட வந்த பெரியவர்கள் நெளிவார்கள். ஒருவர் வெளியே வந்து என்னிடம், "டாக்டரம்மாவுக்கு இன்னைக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று விசாரித்தார்.

அதற்கும் முன்னால் என் வேலை இருக்கிறது. அந்த மாதிரிப் பிள்ளை வந்தால் ஒரு மணி நேரம் வெளியிலேயே காக்க வைக்க வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே நான் மருந்து கலக்குகிறவன் போல நின்றுகொண்டு, பிள்ளை என்ன செய்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் நான் எழுதியது, 'பையன் ரொம்பச் சேட்டை.' டாக்டரம்மா அதை அடித்தார்.

"இது நோட்டா, தெருக்குழாயடி வம்பா? அவன் செஞ்சத எழுதுங்க. ஒங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கல."

"எல்லாத்தையுமா அம்மா?"

"எத்தன தடவ எந்திரிச்சான், எங்க போனான். முக்கியமா, ஒரு சேட்டையப் பண்ணிட்டு யாராவது பாக்காங்களான்னு திரும்பிப் பாத்தானா? அத எழுதுங்க."

இதுதான் அவருடைய அளவுகோல். எங்கள் ஊர் ஹெட்மாஸ்டர் ஒருவரின் மகன் வந்தான், ஏழு வயது. எடை பார்க்கிற மெஷினில் ஏறிக் குதித்தான். என் அறைக்கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டு என்னைப் பூட்டினான். வயிற்றுவலி மிக்சரைக் குடித்துப் பார்த்துத் துப்பினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். டாக்டரம்மா இதை முதல் ரகம் என்பார். துறுதுறு ரகம், இப்போது ஏடிஎச்டி என்கிறீர்களே, அது. சிவகிரியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். வாசலில் நின்ற என் சைக்கிள் பெடலை ஒரு மணி நேரம் சுற்றினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன், இருமினேன், பாட்டுக்கூடப் பாடினேன். நான் ஒருத்தன் அங்கே இருப்பதாகவே அவள் கணக்கில் எடுக்கவில்லை. இது இரண்டாவது ரகம். ஆட்டிசம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான். அந்தக் காலத்துப் புத்தகப்படி இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும், இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது என்று டாக்டரம்மா சொல்வார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மருந்து வாங்குகிற யாரும் "பத்தியம் என்ன?" என்று கேட்காமல் படியிறங்க மாட்டார்கள். டாக்டரம்மா, "பத்தியமெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிடுவார். பத்தியம் இல்லாத மருந்தை எங்கள் ஊரில் எவன் மதிப்பான்? நேராக என் ஜன்னலுக்கு வந்து, "அண்ணாச்சி, அந்தம்மா மறந்துட்டாக. பத்தியத்தச் சொல்லுங்க" என்பார்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். கத்தரிக்காய் ஆகாது, மொச்சை ஆகாது. வீட்டில் ஓயாமல் கத்துகிற ஒரு வியாபாரிக்கு, இருமல் மருந்தோடு பத்து நாள் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று பத்தியம் சொன்னேன். பதினோராம் நாள் அவர் சம்சாரம் தனியாக வந்து, "இன்னும் பத்து நாள் கூட்டிச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டாள்.

இப்படிப்பட்டவனிடம்தான் செல்லத்தாய் வந்து சேர்ந்தாள்.

விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறவள். புருஷன் இல்லை. மகன் கோமதிநாயகம், ஆறு வயது. நாயகம் என்று கூப்பிடுவாள், அவன் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லையோ என்று பார்த்தால் அதுவும் இல்லை, மிட்டாய்க் காகிதம் பிரிக்கிற சத்தத்துக்கு ஓடி வருவான். பேச்சு நாலைந்து சொல்தான். உட்கார மாட்டான். தறிக்கூடத்துக்குக் கூட்டிப் போனால் ஓடுகிற பெல்ட்டுக்குள் கையை விட்டுவிடுவான் என்று, பழைய சேலையைக் கிழித்து அவன் காலை ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டுவிட்டு வேலை பார்த்தாள். காலில் அந்தக் கட்டு வளையமாகத் தடித்துப் போயிருந்தது. டாக்டரம்மா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேச்சு வந்தா வரட்டும், வராட்டா போட்டும்மா," என்றாள் செல்லத்தாய். "எனக்கு இவனக் கட்டாம இருக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, போதும்."

என் நோட்டில் அன்று எழுதியிருந்தது: ஒரு மணி நேரத்தில் பதினேழு தடவை எழுந்து ஓடினான். வாசல் வரை ஓடி, சுவரில் முட்டி, திரும்ப ஓடினான். யாரையும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டத்தப் பாத்தா மொத ரகம். பார்வையப் பாத்தா ரெண்டாவது ரகம். என்னத்த எழுத?"

மூன்று தடவை வரவழைத்துப் பார்த்தும் அதே கதைதான். கடைசியில், மருந்து கொடுத்துப் பார்ப்போம், ஓட்டம் அடங்கினால் முதல் ரகம் என்று முடிவு செய்தார். மதுரையில் சொல்லிவைத்து, மெட்ராஸிலிருந்து மாத்திரை வந்தது. பார்சலைப் பிரித்தவன் நான். பிரித்ததும் எனக்கு வியர்த்தது. மைல்கல்லோடு சண்டை போட வைத்த அதே மாத்திரை.

"அம்மா, இது தூக்கத்த வெரட்டுத மாத்திரைலா? ஏற்கெனவே ஓடுதவனுக்கா?"

"அதே மாத்திரைதான். துறுதுறுன்னு இருக்க பிள்ளைக்கு அது நேர்மாறா வேலை செய்யும். ஏன்னு எனக்கும் முழுசாத் தெரியாது. ஆனா செய்யும்."

எரிகிற தீயில் எண்ணெயை ஊற்றி அணைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. டாக்டரம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது, பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று நினைத்துவிட்டேன். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு மாத்திரையைக் கல்வத்தில் பொடித்து, காகிதத்தில் பொட்டலம் மடித்துக் கொடுப்போம். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கம்பவுண்டருக்கு மட்டும் தெரியும். அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் பால்சர்க்கரையை நுணுக்கி ஏழு பொட்டலம் மடித்தேன். நிஜ மாத்திரைகளை ஒரு காலி பாட்டிலில் போட்டு என் இழுப்பறைக்குள் தள்ளினேன்.

"பத்தியம் என்ன அண்ணாச்சி?" என்றாள் செல்லத்தாய்.

வெறும் சர்க்கரைக்கு வலுவான பத்தியமாகச் சொல்ல வேண்டாமா? அந்த வருஷம் கடுமையான மின்வெட்டு. எங்கள் பக்கத்துக்குப் பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை கரண்ட் கிடையாது. அவளுக்குக் கை ஓய்கிற நேரம் அது ஒன்றுதான்.

"கரண்ட் போனதும் பொட்டலத்தத் தேன்ல கொழச்சுக் குடு. குடுத்த பெறவு ஒரு மணி நேரம் கட்ட அவுத்து விட்டுட்டு அவன் பக்கத்துல சும்மா உக்காரணும். பேசக் கூடாது. தொடக் கூடாது. எந்திரிச்சுப் போனா கூப்பிடக் கூடாது. அவன் எங்கன போயி நிக்கானோ அங்கன போயி நீயும் உக்காரு."

"நானும் உக்காரணுமா?"

"நீ உக்காந்தாத்தான் மருந்து புடிக்கும்."

உண்மையில் அவள் நிற்கிற நிலையைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த மனுஷி நாளில் ஒரு மணி நேரமாவது உட்காரட்டும் என்று நினைத்தேன். பிள்ளையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து வந்தாள். முகமே வேறு மாதிரி இருந்தது. "அம்மா, மருந்து கேக்குதும்மா. ஓட்டம் கொறஞ்சிருக்கு. நேத்து சோத்த அவனே எடுத்துத் தின்னான். அந்த ஒரு மணி நேரம் கட்டில்லாம இருக்கான்." டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். சின்ன அளவுக்கே இப்படிக் கேட்கிறதே என்று ஒரு மாத்திரையாகக் கூட்டினார். நான் சர்க்கரையைக் கூட்டினேன். இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் தேவலை என்றாள். "கூட்டுனா பேச்சும் வரும்" என்று டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதினார். நான் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டேன். எனக்கு ஒரே கொண்டாட்டம். மெட்ராஸ் படிப்பை என் பால்சர்க்கரை ஜெயித்துக்கொண்டிருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன், என் சம்சாரம் பயந்தாள்.

அந்தச் சமயத்தில் என் கொழுந்தியாள் கல்யாணம் வந்தது. நான்கு நாள் லீவு போட்டுச் சிவகிரிக்குப் போனேன். கல்யாணம், மறுவீடு, பந்தி, சீட்டாட்டம். பொட்டலத்தைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை.

திரும்பி வந்த அன்று காலையில் கிளினிக் படியில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் நாயகம். காலை மட்டுமல்ல, கையையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். அவன் விரல்நுனியெல்லாம் கடித்துக் கடித்து ரத்தம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது, தலை மட்டும் ஓயாமல் ஆடியது.

"மூணு நாளாச்சு அண்ணாச்சி. கண்ண மூடல. ஒரு வாய் சோறு எறங்கல. அம்மா அன்னைக்கு முழு மாத்திரையாவே குடுத்தாக. ஒரு நாளைக்கு ரெண்டு."

நான் இல்லாததால் டாக்டரம்மா பொட்டலம் மடிக்காமல், புதிதாக வந்த மாத்திரையை எண்ணிக் கொடுத்திருக்கிறார். அவருடைய நோட்டுப்படி பிள்ளை அரை, ஒன்று என்று படிப்படியாகப் பழகி இரண்டுக்கு வந்திருக்கிறான். நிஜத்தில் ஒரு துளிகூட உள்ளே போகாத உடம்பில் இரண்டு மாத்திரை ஒரேயடியாக விழுந்திருக்கிறது. லாரி டிரைவரைப் பார்த்து ஊரோடு சேர்ந்து சிரித்தவன் நான். இந்தப் பிள்ளையை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததும் நான்தான்.

உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். இழுப்பறை பாட்டிலை மேசைமேல் வைத்தேன். டாக்டரம்மா எழுந்துபோய்க் கை கழுவினார். மறுபடியும் கழுவினார். மூன்றாவது தடவையும் கழுவினார்.

"மிஸ்டர் பிச்சையா, மொத பொட்டலத்துலருந்தா?"

"மொத பொட்டலத்துலருந்தும்மா. என்னை அனுப்பிருங்க."

"ஒங்கள அனுப்பிட்டா எந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கு யாரு சொல்லுவா? அனுப்புறத அப்புறம் பாத்துக்கிடுதேன்." பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நீங்க மருந்த மாத்துனிய. நான் அவன ஒரு தடவகூட வீட்டுல போயிப் பாக்காம, அவ சொன்னத மட்டும் வச்சிக் கூட்டுனேன். தப்பு எம்மேலயும் இருக்கு" என்றார்.

அந்த 'அப்புறம்' நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை.

மாத்திரையை அந்த நிமிஷமே நிறுத்தினார். இரண்டு நாள் பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துத் தூங்க வைத்தார். மூன்றாம் நாள் நாயகம் பழைய நாயகமாக எழுந்து ஓட ஆரம்பித்தான். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

டாக்டரம்மாவுக்கு இப்போது ஒரு கேள்வி பாக்கி. மருந்து போகவே இல்லை என்றால் அந்த ஐந்து வாரம் அவனுக்கு எது குணம் கொடுத்தது? என்னைப் பக்கத்தில் நிறுத்தி நோட்டைத் திறந்தார். வெளியே பையன் வாசலுக்கும் சுவருக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு மணி. கரண்ட் போனது. நாயகம் நின்றான். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எடை மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்து அதன் இரும்புச் சக்கரத்தை விரலால் தடவ ஆரம்பித்தான்.

"பிச்சையா, இப்ப என்ன நடந்துச்சு?"

"கரண்ட் போச்சும்மா."

"வேற?"

"ஃபேன் நின்னுட்டு."

"வேற?"

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய்தான், என்ன ஆட்கள் இவர்கள் என்கிற மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"தறி நின்னுட்டுல்லா," என்றாள்.

எங்கள் கிளினிக்கின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம் இருந்தது என்பதை இவ்வளவு தூரம் எழுதியும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, எனக்கே ஞாபகம் வரவில்லை. சங்கரன்கோவிலில் இருக்கிறவனுக்குத் தறிச்சத்தம் காதில் விழாது. வெளியூர் மாப்பிள்ளை வந்து முதல் நாள் தூங்காமல் புரண்டால்தான் 'ஓ, தறி ஓடுதோ' என்று நினைப்பு வரும். மூன்று வருஷத்தில் பாளையங்கோட்டை டாக்டரம்மாவுக்கும் அதே கதி. மூன்று தடவை அந்தப் பிள்ளையை வரவழைத்து நான் ஓட்டத்தை எண்ணியதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தபோதுதான்.

டாக்டரம்மா ஒரு தடவை பார்த்ததை நம்புகிற ஆள் இல்லை. மறுநாள் பின்பக்கத்துத் தறிக்காரரிடம் போய், நான் சுவர்மேல் துண்டை உயர்த்தினால் தறியை நிறுத்த வேண்டும், இறக்கினால் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். தறிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்வே, அந்தம்மாவ எங்கயும் கூட்டிட்டுப் போயிக் காட்டுனியளா?" என்று கேட்டார். நான் கொல்லைச் சுவரில் ஏறி உட்கார்ந்து, டாக்டரம்மா கை காட்டும்போதெல்லாம் துண்டை ஏற்றி இறக்கினேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டன. ஐந்து தடவை தறி நின்றது. ஐந்து தடவையும் நாயகம் நின்றான். தறி ஓடினால் அவனும் ஓடினான்.

"மொத ரகப் பிள்ளை தறி நின்னாலும் ஓடும், ஓடுனாலும் ஓடும்," என்றார் டாக்டரம்மா. "இவன் ஓடல பிச்சையா. தப்பிச்சுப் போவப் பாக்கான். அவனப் போயி தறிக்கூடத்துலயே கட்டி வச்சிருக்கோம்."

பார்வை, பேச்சு, கூப்பிட்டால் திரும்பாதது, சக்கரம் தடவுவது எல்லாவற்றையும் சேர்த்து அன்று நோட்டில் ஆட்டிசம் என்று எழுதினார். அதற்கென்று மாத்திரை கிடையாது என்பதையும் எழுதினார். இப்போது இரண்டும் ஒரே பிள்ளைக்கு வரலாம் என்கிறார்கள். மருந்துக்கு அடங்குவதை வைத்து இன்ன ரகம் என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். அந்த மாதமே ஹெட்மாஸ்டர் மகனுக்கு அதே மாத்திரையை அரையாகக் கொடுக்க ஆரம்பித்தோம். இந்தத் தடவை டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்க்க, நான் பொடித்தேன். மூன்றாவது வாரம் அவன் என் ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கையெழுத்துப் பயிற்சி எழுதினான். தீயில் எண்ணெயை ஊற்றினோம், தீ அடங்கித்தான் இருந்தது. அவன் அப்பா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்தைப் பற்றிய என் பயமும் பாதிதான் சரி.

செல்லத்தாயிடம் சொல்ல வேண்டியது இருந்தது. மறைத்துவிடலாம் என்று எனக்கு ஆசை. டாக்டரம்மா விடவில்லை. இரண்டு பேருமாக அவளை உட்கார வைத்து, சர்க்கரைப் பொட்டலத்தையும் மாத்திரை கூட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னோம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எம்புள்ளைய வச்சா வெளாடுனிய?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"மூணு நாள் அவன் கண்ணு சொருகாம கெடந்தான் அண்ணாச்சி. செத்துப் போவானோன்னு நான் மூக்குல வெரல வச்சிப் பாத்துக்கிட்டு இருந்தேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்போ அந்தப் பத்தியமும் பொய்தானா?"

என் தொழிலில் எனக்கு வந்த கஷ்டமான கேள்வி அது. பொய் என்று சொன்னால் அவள் அதை விட்டுவிடுவாள். நிஜம் என்று சொன்னால் இன்னொரு பொய். டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் உதவிக்கு வருவதாக இல்லை.

"நான் விளையாட்டாச் சொன்னேன் தாயி. நீ நெசமாச் செஞ்சிட்ட. அவனுக்குக் கேட்டது அது ஒண்ணுதான்," என்றேன்.

செல்லத்தாய் மூக்கைச் சிந்தினாள். சேலையை உதறி எழுந்தாள். "அப்போ ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு லீவுதான? வந்து நீங்க உக்காருங்க. ஒரு மணி நேரம். பேசக் கூடாது, தொடக் கூடாது. எனக்குத் துணி தொவைக்க நேரம் வேணும்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அன்றுதான்.

செல்லத்தாய் தறி ஓட்டுவதை விட்டாள். கழுகுமலை ரோட்டுப் பக்கம், தறியே இல்லாத இடத்தில் ஒரு ஓலைச்சாய்ப்பு பிடித்து, வீட்டிலிருந்து தறிக்காரர்களுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தாள். சேலைத்துணிக் கட்டுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. காலில் இருந்த தடிப்பு மங்க மூன்று மாதம் ஆனது. பேச்சு மட்டும் பெரிதாக வரவில்லை.

நான் ஞாயிறு தவறாமல் போனேன். ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது. பத்தாவது நிமிஷம் பீடி நினைப்பு வரும், இருபதாவது நிமிஷம் முதுகு அரிக்கும். நாயகம் நூல் சுற்றுகிற ராட்டைச் சக்கரத்தைத் தடவிக்கொண்டு தன்பாட்டுக்கு இருப்பான். நான் சுவருக்கும் அவனுக்கும் ஒன்றுதான். நாலைந்து மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சும்மா உட்கார்ந்தால் கால் ஆடும், என் அம்மா அடித்தும் போகாத பழக்கம். கால் ஆட ஆட, பெட்டி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வழக்கம்போலக் காதில் விழவில்லை. நாயகம் எழுந்தான். வாசலுக்கு ஓடப் போகிறான் என்று நினைத்தேன். ஓடவில்லை. நேராக என்னிடம் வந்து, என் முழங்கால்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கால் நின்றது. பெட்டி அடங்கியது. அவன் உடனே போகவில்லை. நான் மறுபடி ஆட்டிவிடுவேனோ என்று ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கையை எடுக்காமலே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

செல்லத்தாய் துவைத்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். மணியாகிவிட்டது, எழுந்திருங்கள் என்று சைகை காட்டினாள். நான் எழுந்திருக்கவில்லை.